நிறம் கேட்கும் வாத்தியார்

சா. ஜெபசீலன், முதுகலை ஆசிரியர், வேதியியல். ஆய்வகக் கணினிப் பயன்பாடு குறித்த மனப்பான்மை: எதிர்மறை. காரணிகள்: வயது, பயிற்சிக் குறைவு, புதியவற்றின் மீதான அச்சம். பரிந்துரை: தொடர் ஊக்கமூட்டல்.

ஆம்பூர் வட்டாரத்துப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள் ஆய்வகக் கணினியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கணக்கெடுத்த பயிற்சி நிறுவனம் ஒன்று, மாதனூர்ப் பக்கம் உள்ள ஓர் உதவி பெறும் பள்ளியின் ஆசிரியரைப் பற்றி இப்படி எழுதி வைத்தது.

அந்தப் பள்ளியின் சம்பளப் பட்டியலை மாதாமாதம் இணையத்தில் ஏற்றுகிறவர் இதே ஜெபசீலன்தான். ஞாயிறு ஆராதனையில் பாட்டு வரிகள் பாடகர் குழுவை முந்தாமலும் பிந்தாமலும் திரையில் ஓடுவது அவருடைய மடிக்கணினியிலிருந்து. தலைமை ஆசிரியர் ராமமூர்த்தியின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வராவிட்டால், ராமமூர்த்தி முதலில் கடவுளைக் கூப்பிடுவார், அடுத்து ஜெபசீலனை. பெரும்பாலும் இரண்டாமவர்தான் வருவார்.

அதே அறிக்கையில் 'மிகவும் நேர்மறை' என்ற தலைப்பின் கீழ் முதலில் இருந்த பெயர் இயற்பியல் ஆசிரியர் அதாவுல்லாவுடையது. அவருடைய ஆய்வகத்துக்கு வந்த கணினியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. தூசி ஆகாது என்பது அவர் கட்சி. கருத்துக் கேட்புப் படிவத்தில் வாசகங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். டீ குடித்துக்கொண்டே 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்ட வரிசையில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு, மீதி டீயையும் குடித்து முடித்தார்.

"இன்னா ஜெபா, ஃபார்ம்ல போய் நெசத்த எழுதி வச்சிருக்க?" என்று பிறகு ஜெபசீலனைக் கேட்டார். "கம்ப்யூட்டர் நல்லதான்னு கேட்டா நல்லதுன்னு சொல்லிட்டுப் போவியா, அத விட்டுட்டு பேஜார் பண்ணிக்கினு."

"நல்லதான்னு கேக்கல பாய். திரையில பாக்குற சோதனையும் நேர்ல பாக்குற சோதனையும் ஒண்ணுதானான்னு கேட்டாங்க. இல்லன்னு போட்டேன்."

"ஏன் இல்ல?"

ஜெபசீலன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார். சொல்ல முடியாத பதில் அது.

அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே.

இதை முதலில் கண்டுபிடித்தது மருத்துவர் அல்ல, தோல் கம்பெனி ஃபோர்மேன் ஒருவர். பட்டப்படிப்பை முடித்த கையோடு ஜெபசீலன் ஒரு தொழிற்சாலையில் ஷேடு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். சாயம் போட்டுக் காய்ந்த தோல்களை மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, ஒரே நிறத்தவற்றை ஒன்றாக அடுக்க வேண்டும். அவர் அடுக்கிய பழுப்பு அடுக்கில் பாதித் தோல் பச்சை. ஃபோர்மேன் தோலைத் தூக்கி வெயிலில் காட்டி, "உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தம்பி, இந்த ஊர்ல நிறம் பாக்காத வேலையா ஒண்ணு தேடிக்க" என்றார். ஜெபசீலன் பி.எட். படித்து வேதியியல் ஆசிரியரானார். நிறத்துக்குப் பயந்து ஓடுகிறவன் போய் ஒளியக்கூடிய இடங்களில் இதைவிட மோசமானது இருக்க முடியாது. ஆனால் அவருக்குப் பிடித்த பாடம் அது ஒன்றுதான்.

வேலையில் சேர்ந்தபோது தகுதிச் சான்றிதழுக்காக ஒரு மருத்துவர் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தார். நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பின் சொல்வதற்கு வேளையே வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் காது மந்தமாகிப்போன ஒரு தமிழாசிரியர் கையில் நூலகச் சாவியைக் கொடுத்து மரியாதையாக மூலையில் உட்கார வைத்ததை அவர் பார்த்திருந்தார். நூலகத்தில் புத்தகங்கள் இருந்தன, மாணவர்கள் இல்லை. வேதியியலை யாரும் தன் கையிலிருந்து அப்படிப் பிடுங்கிவிடக் கூடாது என்பதுதான் ஜெபசீலனின் ஒரே கவலை.

ஆகவே வகுப்பில் ஒரு வழி கண்டுபிடித்தார். நிறத்தை அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார், கேட்பார்.

"தாமிர உப்ப சுடர்ல காட்டுறேன். இன்னா கலர்? நான் சொல்ல மாட்டேன். பின்னாடி பெஞ்சு, நீ சொல்லு."

"பச்சை சார்."

"பச்சையா? எல்லாரும் பச்சைங்கறீங்களா? யாருக்காவது வேற மாதிரி தெரியுதா? யோசிச்சு சொல்லுங்க."

எல்லோருக்கும் பச்சையாகத் தெரிந்தால் அது பச்சை. தரம் பார்த்தல் என்கிற டைட்ரேஷனிலும் இதே முறைதான். குடுவையில் அமிலம், மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயில் காரம். சொட்டுச் சொட்டாக விடும்போது எந்தச் சொட்டில் குடுவை வெளிறிய ரோஸ் நிறமாகிறதோ அதுதான் முடிவுநிலை. அந்த ரோஸ் ஜெபசீலனுக்கு வெறும் தண்ணீர். "நிறுத்தட்டா? நிறுத்தட்டா?" என்று கேட்டுக்கொண்டே சொட்டு விடுவார். வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்க சார்!" என்று கத்தும். சில வருடங்களுக்கு முன் இதைப் பார்க்க வந்த குழு அசந்துபோய், 'மாணவர் மையக் கற்பித்தல்' என்று அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் சால்வையும் கொடுத்தது. சால்வை மெரூன் என்று மனைவி கிரேஸி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

ஒருத்திக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. பன்னிரண்டாம் வகுப்பு அக்சா. அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார். அக்சாவுக்கு வேலூரில் நர்சிங் சேர வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் ஜெபசீலன் பச்சைச் சாக்பீஸால் தலைப்பெழுதி, "சிவப்புல எழுதியிருக்கிறத மட்டும் நோட் பண்ணிக்குங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், சார் ஜோக்கடிக்கிறார் என்று. அக்சா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து முன்பெஞ்சுக்கு மாறினாள். சார் கேட்பதற்குமுன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "வீழ்படிவு மஞ்சள்" என்றோ "இன்னும் கலர் வரல" என்றோ சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த ஏற்பாட்டின் நடுவில்தான் கணினி வந்து இறங்கியது.

அதில் இரண்டு சமாசாரங்கள் இருந்தன. ஒன்று மெய்நிகர் ஆய்வகம். திரையில் ஒரு பியூரெட், ஒரு குடுவை. மவுஸை அழுத்திப் பிடித்தால் சொட்டும். குடுவை ரோஸாகிற கணத்தில் கையை எடுக்க வேண்டும். தாண்டினால் மணி அடிக்கும். அளவை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்றால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறியது. உதவிக் குறிப்புகளைப் பச்சைப் பட்டையில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜெபசீலனுக்கு அது காலிப் பட்டை. உண்மையான ஆய்வகத்தில் வகுப்பையே கண்ணாக வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு கை, ஒரு மவுஸ், பார்ப்பவர் ஒருவர்.

இன்னொன்று, தனிப் பெட்டியில் வந்த உணர்கோல். கரைசலில் நட்டுக் கணினியில் செருகினால் அதன் அமிலத் தன்மையை எண்ணாகக் காட்டும். அந்தப் பெட்டியைத் திறந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்று ராமமூர்த்தி திறக்கவே விடவில்லை. ஜெபசீலன் ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளி காலியானபின், முத்திரையைப் பிரித்தார். உண்மையான குடுவையில் உண்மையான அமிலத்தை வைத்துச் சொட்டு விட்டார். எண் நான்கில் கிடந்தது, ஐந்துக்குப் போனது, ஒரே சொட்டில் எட்டைத் தாண்டியது. யாரும் "நிறுத்துங்க சார்" என்று கத்தாமல் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு முடிவுநிலையைத் தானே பிடித்தார். அன்று மூன்று தடவை செய்தார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும்.

அதாவது, அந்த வட்டாரத்திலேயே ஆய்வகக் கணினியை ஆசையோடு பயன்படுத்திய ஆசிரியர் அவர் ஒருவர்தான். படிவத்தில் அதைக் கேட்கும் வாசகம் எதுவும் இல்லை.

பயிற்சி நிறுவனத்தின் கருத்தாளர் சோபனா கெட்டிக்காரி, மனப்பூர்வமாக வேலை செய்கிறவர், அதனால்தான் விபரீதம். எதிர்மறை மனப்பான்மை உள்ளவரையே மெய்நிகர் தரம் பார்த்தலைச் செய்துகாட்ட வைத்தால் மற்றவர்களுக்குத் தயக்கம் தீரும் என்று அவருக்குத் தோன்றியது. வாணியம்பாடி, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து வேதியியல் ஆசிரியர்களை எல்லாம் வரச்சொல்லி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். பெரிய திரை, புரொஜெக்டர், வீடியோ. செய்பவர் ஜெபசீலன்.

"சார், நான் நெஜ டைட்ரேஷனே பண்ணிக் காட்றேனே," என்று ராமமூர்த்தியிடம் போய் நின்றார்.

"நெஜம் எல்லாருக்கும் தெரியும்ல. அவங்க கேக்குறது இது."

"அன்னிக்கு லீவு வேணும் சார்."

"லீவு போட்டா ஒத்துழைக்க மறுப்புன்னு எழுதுவாங்க. ஸ்கூல் பேரு போய்டும். மவுஸப் புடிச்சு அழுத்தி வுடறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசனை? எனக்கு ஓ.டி.பி.யே எடுத்துக் குடுக்குற ஆளு நீங்க."

வியாழக்கிழமை மாலை, ஆய்வகத்தைப் பூட்டும்போது அக்சா கதவருகே நின்றாள். "நாளைக்கு நான் முன்பெஞ்சுலதான் உக்காருவேன் சார்."

"சரிம்மா," என்றார்.

அவ்வளவுதான் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிரேஸி அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார். கிரேஸி மருத்துவமனை நர்ஸ். கணவனின் கண்ணைப் பற்றிக் கல்யாணத்துக்கு அடுத்த வாரமே கண்டுபிடித்தவர்.

"சொல்லிடுங்களேன். எத்தனையோ பேருக்கு இருக்குது. வியாதியா இது?"

"வியாதின்னா லீவு குடுப்பாங்க. இதுக்கு லைப்ரரி சாவி குடுப்பாங்க."

"அந்தப் பொண்ண நம்பிப் போறீங்களா?"

ஜெபசீலன் பித்தானைப் போட்டுக்கொண்டே, "இது இன்னா கலரு?" என்று கேட்டார்.

"நீலம். பேச்ச மாத்தாதீங்க."

ஆய்வகத்தில் நாற்காலி போதவில்லை. ஆசிரியர்கள் சுவரோரம் நின்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு பெஞ்சுகளில். சோபனா மைக்கில் பேசினார். "மாணவர்கள் அமைதியா இருக்கணும். சார் பாத்து, சாரே முடிவு பண்ணுவாங்க. திரையைப் பாக்கக் கத்துக்கறதுதான் இன்னிக்குப் பாடம்."

அமைதி. ஜெபசீலனின் பழைய ஆயுதம் அந்த ஒரே வாக்கியத்தில் போயிற்று.

மவுஸை அழுத்தினார். திரையில் சொட்டுகள் விழுந்தன. குடுவை அவருக்கு எப்போதும் இருக்கிற மாதிரியே இருந்தது. புரொஜெக்டர் மின்விசிறியின் இரைச்சல் தவிர ஒரு சத்தமில்லை. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. எத்தனை சொட்டு விழுந்தது என்பதே தெரியவில்லை. தாண்டிவிட்டதோ? தாண்டியிருந்தால் மணி அடித்திருக்கும். இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

டக்.

முன்பெஞ்சில் ஸ்கேல் மரத்தில் பட்ட சத்தம். ஜெபசீலன் கையை எடுத்தார்.

திரையில் 'சரி' என்று வந்தது. ஆசிரியர்கள் கை தட்டினார்கள். பின்னால் நின்ற அதாவுல்லா, "பாத்தீங்களா, நம்ம ஆளு!" என்றார், தானே கற்றுக்கொடுத்தது போல.

அதோடு விட்டிருந்தால் ஜெபசீலன் இன்னும் எதிர்மறை மனப்பான்மையோடும் நிம்மதியோடும் இருந்திருப்பார். சோபனாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "வீடியோல கை தெரியல சார். இன்னொரு தடவ பண்ணிடுங்க." சொல்லிவிட்டுப் படம் பிடிப்பவருக்கு இடம் விட்டு நகர்ந்தார். நகர்ந்து போய் நின்ற இடம் அக்சாவின் பக்கம்.

இரண்டாம் முறை. சொட்டு. சொட்டு. அக்சா பக்கத்தில் நிற்கும் பட்டுப்புடவையின் ஓரத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சார் மவுஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ஸ்கேலை எடுத்தாள்.

டக்.

ஜெபசீலன் கையை எடுத்தார். திரை 'சரி' என்றது. இந்தத் தடவை கைதட்டல் வரவில்லை, ஏனென்றால் சோபனா கையை உயர்த்தியிருந்தார்.

"எழுந்திரும்மா. பேர் என்ன?"

"அக்சா, மேடம்."

"எதுக்குத் தட்டுன?"

அக்சா ஸ்கேலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"முதல் தடவையும் நீதான் தட்டுன. அப்பவே கேட்டுச்சு, நான்தான் கண்டுக்கல. சாருக்குச் சிக்னலா?" சிலர் சிரித்தார்கள். சோபனா சிரிக்கவில்லை. "இன்னிக்கு நீ சாருக்குத் தட்டுற. பிராக்டிகல் அன்னிக்கு சார் உனக்குத் தட்டுவாரா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. செய்முறைத் தேர்வு நாளில் 'ரீடிங்' என்கிற அந்த அளவு எப்படியோ மேசைக்கு மேசை நடந்து போய்ச் சேர்வது சுவரோரம் நின்ற யாருக்கும் புதிதல்ல. மாணவரிடமிருந்து ஆசிரியருக்குப் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எல்லோரும் ஒரே சமயத்தில் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்கள்.

ராமமூர்த்தி பாய்ந்து வந்தார். "வாயாடிப் பொண்ணு மேடம். எப்பவும் எதையாவது தட்டிக்கினே இருக்கும். நான் வெளிய அனுப்பிட்றேன்."

"வெளிய அனுப்பினா முடிஞ்சுடாது சார். இத நான் எழுதியாகணும். பிராக்டிகலுக்கு இந்தப் பொண்ணு வேற சென்டர் போகட்டும், தனியா கவனிக்கச் சொல்றேன்." பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார். "அக்சா, இனிஷியல் என்ன?"

"தெரியாம தட்டிட்டேன் மேடம்," என்றாள் அக்சா. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. ஜெபசீலன் பக்கம் திரும்பவும் இல்லை.

அதாவுல்லா எப்போது அருகில் வந்தார் என்று தெரியாது. ஜெபசீலனின் முழங்கையைத் தொட்டு, "பேசாத இரு ஜெபா," என்றார் மெல்ல. "சின்னப் பொண்ணு, விட்ருவாங்க. நீ வாயத் தொறந்தா ஜாஸ்தியாய்டும்."

நியாயமான யோசனை. அந்த அறையில் இருந்த எல்லோரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அக்சா தலையைக் குனிந்துகொண்டு ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சோபனாவின் பேனா தாளைத் தொட்டது.

"மேடம், அவள எழுதாதீங்க," என்றார் ஜெபசீலன்.

"நீங்க இதுல வராதீங்க சார்."

ஜெபசீலன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து சோபனாவிடமிருந்து மைக்கை வாங்கினார். மைக் தேவையே இல்லாத அறை.

"எனக்கு அந்த ரோஸ் தெரியாது. சிவப்பு தெரியாது, பச்சை தெரியாது. பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான். அதுக்குத்தான் அவ தட்டுனா. நான் தட்டச் சொல்லல. தட்டும்போது கேட்டுக்கினேன். அது என் தப்பு."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அது நகைச்சுவை இல்லை என்று கண்டு, இருமலாக மாற்றினார்.

சோபனா பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, எழுதவும் இல்லை. "இத்தன வருஷமா கெமிஸ்ட்ரி எடுக்கறீங்களே சார். எப்படி?"

"பிள்ளைங்களக் கேட்டேன் மேடம்."

"அதுக்கு நாங்க உங்களுக்குச் சர்டிபிகேட் குடுத்தோம்," என்றார் சோபனா. அந்தக் குழுவில் அவரும் இருந்தார். முகம் என்ன நிறமானது என்று ஜெபசீலனுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரிந்தது.

சுவரோரத்திலிருந்து குடியாத்தத்து ஆசிரியர் ஒருவர், வயதானவர், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்ப எண்ட் பாயிண்ட் நீங்களா பாத்ததே இல்லியா சார்?"

"பாத்திருக்கேன்," என்று அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தார்.

"சார், அது சீல் ஒடைக்கல," என்றார் ராமமூர்த்தி.

"ஒடைச்சு மாசக் கணக்காச்சு சார்."

"பதிவேட்ல..."

"அப்புறம் எழுதிக்கலாம் சார்."

உணர்கோலைக் கணினியில் செருகினார். மெய்நிகர் குடுவையை மூடிவிட்டு, நிஜக் குடுவை ஒன்றை மேசை நடுவில் வைத்தார். அமிலம் ஊற்றினார், நிறங்காட்டி சேர்த்தார், பியூரெட்டைத் திறந்தார். பெரிய திரையில் குடுவை இல்லை. ஒற்றை எண் மட்டும், கதவு உயரத்துக்கு. மூன்று. மூன்றரை. நான்கு. சுவரோரம் நின்றவர்கள் மெல்ல நகர்ந்து மேசையைச் சூழ்ந்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. ஐந்து. ஒரு சொட்டு. ஆறு. சொட்டின் பாதியைப் பியூரெட் முனையில் நிறுத்தி, குடுவையின் விளிம்பில் தொட்டு எடுத்தார். எண் எட்டரைக்குத் தாவியது. திருகை மூடினார்.

"ரோஸ்," என்றாள் அக்சா, பழக்கத்தில்.

எல்லோரும் திரையை விட்டுக் குடுவையைக் குனிந்து பார்த்தார்கள். ரோஸ்தான். மிக வெளிறிய, இருக்கிறதா இல்லையா என்கிற ரோஸ். நல்ல கண் இருந்த இரண்டு மூன்று பேருக்கே வெள்ளைத் தாளைக் கீழே வைத்தபின்தான் தெரிந்தது.

சோபனா அக்சாவின் பெயரை எழுத எடுத்த தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். உணர்கோலை அந்தச் சனிக்கிழமையே வேறு பள்ளிகளிலும் திறக்கச் சொன்னார். ஆனால் அவர் அனுப்பிய அறிக்கையில் ஜெபசீலன் இன்னும் 'எதிர்மறை' பத்தியில்தான் இருக்கிறார், ஏனென்றால் மதிப்பெண் கூட்டியபின் பத்தி மாற்ற வழியில்லை. நிறம் தெரியாதவர் வேதியியல் எடுக்கக் கூடாது என்று எங்காவது விதி இருக்கிறதா என ராமமூர்த்தி தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார், அவருக்கு ஓ.டி.பி. வராத நாள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதாவுல்லாவின் கணினிக்கு உறை இன்னும் இருக்கிறது.

அன்று ஜெபசீலன் செய்தது இவ்வளவுதான்: தன் மாணவியின் பெயர் தாளில் ஏறுமுன் தனக்குச் சிவப்பு தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், பிறகு கணினியில் எண்ணைப் பார்த்துத் தரம் பார்த்துக் காட்டினார்.